தசை தளர்ந்தாலும் எலும்பைக் காப்போம்



“கீழே விழுந்துடுவானோன்னு பயந்து, உட்கார வச்சே பாத்துக்கிட்டேன்.” தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் எலும்பும் பலம் இழந்துவிடும். அதுதான் இந்த மாதப் பாடம்.

இது என்ன நோய்?

மரபணுக் குறையால் தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் நோய். யார் செய்த பாவமும் இல்லை. இதில் டுஷேன் என்ற வகை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும். 3 முதல் 5 வயதுக்குள் அடிக்கடி விழுவான். தொடையில் கை ஊன்றி எழுவான். கெண்டைக்கால் பருத்துத் தெரியும்.

தசைக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

இறைக்கிற கிணறுதானே ஊறும்? எலும்பும் அப்படித்தான். நிற்கும்போதும் நடக்கும்போதும் தசை எலும்பை இழுக்கிறது. உடம்பின் பாரமும் அதன் மேல் இறங்குகிறது. அந்த வேலை இருந்தால்தான் எலும்பு கெட்டிப்படும். தசை தளர்ந்தால் எலும்பு மெலியும். இந்நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை மெலிய வைக்கும். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்து.

தொடை எலும்பு முறிந்தால், நடந்துகொண்டிருந்த பிள்ளை மறுபடி நடக்காமலே போய்விடலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. முடிகிற வரை தினமும் நிற்க, நடக்க விடுங்கள். முடியாதபோது என்ன பயிற்சி என்று இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள்.
2. அளவு மீற வேண்டாம். குதிப்பதும் பாரம் தூக்குவதும் தசையைக் கெடுக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.
3. கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், முட்டை கொடுங்கள். இளவெயில் படட்டும்.
4. கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். இருவராகத் தூக்குங்கள். சக்கர நாற்காலியில் இடுப்புப் பட்டி அவசியம்.
5. விழுந்து வலித்தால், முதுகு வலி என்றாலும், சுளுக்கு என்று உருவிவிடாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். அடிபட்டபின் மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

உதவி உண்டா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் உள்ளது. தமிழக அரசு மாதப் பராமரிப்பு உதவித்தொகையும் தருகிறது. சேவுகம்பட்டிப் பகுதி உறுப்பினர்கள் திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்ற சகோதரிகள், தங்களுக்கே இந்நோய் இருந்தும், ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி மற்றவர்களுக்குத் துணை நின்றார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

நம் தெருவில் அடிக்கடி விழும் பிள்ளை இருக்கிறானா? அவனைத் தூக்கி இறக்க அந்தத் தாய்க்கு யார் கை கொடுக்கிறார்கள்? இந்த வாரம் நம்மில் யார் போகப் போகிறோம்?