வானிலைக் கருவியை எங்கே நடுவது? மண்ணூரில் இடம் தேடிய கதை

போன சம்பாவில் எங்கள் குழு ஒரு தப்பு செய்தது. அதனால் ஒன்றரை ஏக்கர் சீரகச் சம்பாவில் பாதி பதராகப் போனது. அடுத்தவர் அதே தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மண்ணூரில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து இயற்கை முறையில் நெல் போடுகிறோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு தானியங்கி வானிலைக் கருவி வாங்கினோம். வட்டாரத்துக்கு ஒன்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கருவிகள் இருக்கத்தானே செய்கின்றன, நமக்குத் தனியாக எதுக்கு என்று கேட்கலாம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்துவிடும்? மழை ஊருக்கு ஊர் மாறும், பனியும் அப்படித்தான்.

கருவியை மாட்ட வந்த பையன், "மொட்டை மாடியிலே வைச்சுடலாம் சார், ஆடு மாடு தொந்தரவு இருக்காது, சிக்னலும் நல்லா கிடைக்கும்" என்றார். எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. விதைக் கிடங்கின் மாடியில் குழாயை நட்டு மாட்டிவிட்டோம்.

மார்கழியில் கதிர் வரும் நேரம். ராத்திரி ஈரப்பதம் 80ஐத் தாண்டவில்லை என்று கைப்பேசியில் காட்டியது. குலைநோய்க்கு ஈரப்பதம் 90க்கு மேல் இருந்து, இலை விடிய விடிய நனைந்திருக்க வேண்டும். அதுதான் இல்லையே என்று சூடோமோனாஸ் தெளிப்பைத் தள்ளிப் போட்டோம். ஆனால் வயலில் இறங்கினால் காலை எட்டு மணிக்கும் வேட்டி நனைந்தது! கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு கைப்பேசியை நம்பினோம். பத்து நாளில் கதிர்க்கழுத்து கறுத்து ஒடிந்தது.

கருவியில் பழுது எதுவும் இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட்டு ராத்திரி முழுக்க அனலை விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காற்றை அது ஒழுங்காக அளந்து சொன்னது. வயல் காற்றை அளக்கிற இடத்தில் நாங்கள் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மழைக் கணக்கும் அப்படியே. சந்தேகம் வந்து வயலில் ஒரு நேர்வாய் டின்னை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மழைக்கும் மாடிக் கணக்கு குறைவாகவே வந்தது. கட்டடத்தில் மோதிய காற்று மேலே எழும்பி, துளியைக் கருவியின் வாய்க்குள் விழவிடாமல் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இது புதுச் சங்கதி இல்லை. 1766-67இல் லண்டனில் ஹெபர்டன் என்ற மருத்துவர் தரையருகே ஒன்று, வீட்டுக் கூரையில் ஒன்று, வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் உச்சியில் ஒன்று என்று மூன்று மழைமானிகளை வைத்தார். ஒரு வருடத்தில் கீழே 22 அங்குலத்துக்கு மேல், கூரையில் 18, உச்சியில் 12தான் சேர்ந்தது. எங்கள் பாட்டி முற்றத்து ஆட்டுக்கல்லில் நின்ற தண்ணீரைப் பார்த்து எத்தனை உழவு மழை என்று சொல்லுவாங்க. அந்தக் கல்லும் தரையில்தான் இருந்தது, தாழ்வாரத்து ஓட்டுத் தண்ணீர் சொட்டாத இடத்தில்.

சரி, இடத்துக்கு வருவோம். மழைமானி பக்கத்தில் உள்ள மரம், சுவர் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி இருக்கணும், நாலு மடங்கு என்றால் இன்னும் நல்லது. காற்றுமானிக்குப் பத்து மடங்கு. வானிலைத் துறை காற்றை 10 மீட்டர் உயரத்தில் அளக்கிறது. பயிரின் தண்ணீர்த் தேவையைக் கணக்கிட நமக்கு 2 மீட்டர் உயரத்துக் காற்றே போதும். வெப்பம், ஈரப்பதம் அளக்கும் பகுதி ஒன்றேகாலிலிருந்து 2 மீட்டருக்குள், குட்டைப் புல் தரைக்கு மேலே நிற்கணும். கீழே சிமெண்டு தளம் போட்டு அழகுபடுத்த வேண்டாம்.

மரத்தின் உயரத்தை எப்படி அளப்பது? ஒரு மீட்டர் குச்சியை நிறுத்துங்கள். அதன் நிழல் அரை மீட்டர், அதே நேரம் பனையின் நிழல் 6 மீட்டர் என்றால் பனை 12 மீட்டர். அப்போது மழைமானி 24 மீட்டராவது தள்ளி, காற்றுமானி 120 மீட்டர் தள்ளி.

நிழலில் இன்னொரு விஷயம். வெளிநாட்டுக் கையேடுகள் தெற்குப் பக்கம் மறைப்பில்லாமல் இருக்கட்டும் என்று சொல்லி நிறுத்திவிடும். நமக்கு அது பத்தாது. சித்திரை நடுவிலிருந்து ஆடி முடிய, உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்கே நெருங்கி நிற்கும் வேம்பும் வெயில்மானிக்கு நிழல் தரும்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு மண்ணூரில் இடம் தேடினால்தான் தெரியும் பாடு. பள்ளி மைதானத்தைச் சுற்றிக் கட்டடம். ஏரிக்கரை உயரமும் தண்ணீர்க் காற்றும் வயலுக்குப் பொருந்தாது. சாலையோரம் கண்டெய்னர் லாரி போகிற அதிர்வில் மழைமானியின் ஊசலாடும் கிண்ணம் மழையே இல்லாமல் கவிழ்ந்து கணக்குக் காட்டும், தூசியும் அடைக்கும். எல்லாக் கணக்குக்கும் சரியாக வந்த இடம் ஒன்றே ஒன்று, நஞ்சைக்கு நடுவே ஓர் அக்காவின் முப்பது சென்ட் மேட்டு நிலம்.

கேட்கப் போனோம். "வைச்சுக்கோ தம்பி, எனக்கென்ன. ஆனா பையன் தையிலே வித்துடலாம்னு நிக்கிறான். வித்தா அதையும் பிடுங்கிக்கிட்டுப் போவியா?" என்றார். வானிலைப் பதிவுக்கு மதிப்பு வருவதே ஒரே இடத்தில் பத்து வருடம் நின்றால்தான். விற்காதீங்க அக்கா என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம்.

கடைசியில் என் வயலின் கிழக்கு மூலையில் நட்டோம். வெள்ளம் நிற்காத மேடு. சுற்றிலும் பத்துக்குப் பத்து மீட்டர் கம்பிவேலி, உள்ளே அருகம்புல். குறை ஒன்று உண்டு. மேற்கே 70 மீட்டரில் 12 மீட்டர் உயரக் கிடங்கு நிற்கிறது. மழைக்கு அது தூரம் போதும், காற்றுக்குப் போதாது. ஆனால் எங்களுக்கு முக்கியம் சம்பாப் பட்டம், அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் வெட்டவெளி. அதனால் ஆனி, ஆடி மேல்காற்று அளவை நம்புவதில்லை என்று நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். நாலு திசைக்கும் எடுத்த படங்களும் அதில் ஒட்டியிருக்கின்றன. வருடா வருடம் பொங்கல் கழிந்ததும் அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்கணும் என்று முடிவு. புதுச் சுவர் எழும்பினால் அதில் தெரிந்துவிடும்.

டின்னை எடுக்கவில்லை. கருவிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, திறந்து பார்த்தால் புனலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.