வண்ணப் பவளம் வளர்ப்பதும் வெட்டிப் பெருக்குவதும்: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நீல விளக்கில் பச்சை, ஊதா, செம்மஞ்சள் என்று ஒளிரும் பவளங்களைக் கண்டு ஆசைப்படுகிறவர்கள், பெரும்பாலும் முதலில் பவளத்தை வாங்கிவிடுகிறார்கள். தண்ணீரைப் பற்றி அப்புறம்தான் யோசிக்கிறார்கள். வாங்கியது வெளுத்துச் சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். தொட்டியைத் தயார் செய்வதில் தொடங்கி, வளர்ந்த பவளத்தை வெட்டி நண்பருக்குக் கொடுப்பதுவரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம்

இந்தியாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலோ வேறு கடலிலோ அவற்றை உடைப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். ஆகவே இந்த வழிகாட்டி, தொட்டியில் வளர்த்த பவளங்கள் சட்டப்படி விற்கப்படும் அமெரிக்கா போன்ற நாடுகளில் வாழ்பவர்களுக்கானது. அங்கேயும் கடினப் பவளங்களை எல்லை கடந்து கொண்டுபோக, அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்படி அனுமதிச் சீட்டு தேவை. விடுமுறைக்குப் போன இடத்திலிருந்து ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 1: தண்ணீர்

100 லிட்டருக்குக் குறையாத தொட்டி நல்லது. சிறிய தொட்டியில் வெப்பமும் உப்பும் சட்டென்று மாறிவிடும். குழாய் நீர் கூடாது, கரைந்துள்ள உப்புகளை நீக்கும் ஆர்.ஓ.டி.ஐ. வடிகட்டியில் வந்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துப் பயன்படுத்துங்கள். பாறையும் மணலும் போட்டபின், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும்வரை பொறுத்திருங்கள். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

குறித்துவைக்க வேண்டிய அளவுகள்:

- வெப்பம்: 25–26 டிகிரி செல்சியஸ்
- ஒப்படர்த்தி: 1.025–1.026
- காரத்தன்மை: 8–9 டி.கே.எச்.
- கால்சியம்: 400–450 பி.பி.எம்.
- மக்னீசியம்: 1250–1350 பி.பி.எம்.
- நைட்ரேட்: 2–10 பி.பி.எம்.
- பாஸ்பேட்: 0.03–0.1 பி.பி.எம்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கப் பாடுபட வேண்டாம். உணவில்லாமல் பவளம் வெளிறிவிடும். அளவு சரியாக இருப்பதைவிட, அது நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பதே முக்கியம். ஆவியாவது நீர் மட்டும், உப்பு அப்படியே தங்கிவிடும். எனவே குறைந்த நீருக்கு ஈடாக, உப்புக் கலக்காத ஆர்.ஓ.டி.ஐ. நீரையே ஊற்றுங்கள். மீனுக்கு நோய் என்று தாமிர மருந்தைத் தொட்டியில் விடவே கூடாது. பவளத்துக்கு அது நஞ்சு.

படி 2: வெளிச்சமும் நீரோட்டமும்

பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. ஒளியைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. ஒளிரும் நிறங்கள் பெரும்பாலும் பவளத்தின் சொந்தப் புரதங்களால் வருபவை. நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ அவை திருப்பித் தருகின்றன. நீலம் மிகுந்த எல்.இ.டி. விளக்கைப் பலரும் விரும்புவது இதனால்தான்.

பவளம் பழுப்பாகிக்கொண்டே போனால், ஒளி குறைவு அல்லது சத்து அதிகம் என்று சந்தேகிக்கலாம். வெளுத்துக்கொண்டே போனால், ஒளியோ வெப்பமோ மிஞ்சியிருக்கலாம். புதிதாக வந்ததை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, சில வாரங்களில் மெல்ல மேலே ஏற்றுங்கள். நீரோட்டம் ஒரே திசையில் பீய்ச்சாமல் மாறி மாறி வர வேண்டும்.

படி 3: எதிலிருந்து தொடங்குவது?

மென்பவளங்கள்: ஸோவாந்தஸ், காளான் பவளம், லெதர் பவளம். சின்னச் சின்னத் தவறுகளைத் தாங்கும். முதல் ஆறு மாதத்துக்கு இவையே போதும்.

எல்.பி.எஸ்.: பெரிய பாலிப்புகள் (வாயுள்ள தனித்தனிப் பவள உயிர்கள்) கொண்ட கடினப் பவளங்கள். டன்கன், கேண்டி கேன், ஹாம்மர், டார்ச் ஆகியவை இந்த வகை. டார்ச் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை வீசும். சுற்றிலும் 15 செ.மீ. இடம் விடுங்கள்.

எஸ்.பி.எஸ்.: சிறிய பாலிப்புகள் கொண்ட கடினப் பவளங்கள். மான்டிபோரா, அக்ரோபோரா போன்றவை. ஒளி, ஓட்டம், காரத்தன்மை மூன்றும் நிலையாக இருந்தால்தான் தேறும். ஓராண்டு அனுபவத்துக்குப்பின் பார்த்துக்கொள்ளலாம்.

நிறத்துக்கும் ஆடம்பரப் பெயருக்கும் விலை கொடுக்காதீர்கள். கடைக்காரரின் நீல விளக்கில் எல்லாமே மின்னும். வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரிந்த பாலிப்பும், எலும்பு தெரியாத சதையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 4: முக்கி எடுத்தபின் உள்ளே

புதிய பவளத்தோடு தட்டைப்புழு, பவளம் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தை, களைபோல் பெருகும் ஏப்டேசியா என்னும் கொட்டும் கடற்சாமந்தி எல்லாம் வரும். பவளத்துக்கென்றே விற்கும் குளியல் மருந்தில், பாக்கெட்டில் சொல்லியுள்ள அளவிலும் நேரத்திலும் முக்கி, சுத்தமான உப்புநீரில் அலசுங்கள். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே பவளம் ஒட்டியிருக்கும் பழைய பிளக்கை (சிறு அடிக்கட்டையை) கழற்றிவிட்டுப் புதியதில் ஒட்டி, தனித் தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனிப்பது பாதுகாப்பு.

படி 5: வெட்டுவது

முருங்கைப் போத்தை ஒடித்து நட்டால் துளிர்ப்பதுபோல, பவளத்தின் துண்டும் தனிக் கூட்டமாக வளரும். இந்தத் துண்டைத்தான் ஃப்ராக் என்கிறார்கள். ஃபுளோரிடாவின் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வான் குழுவினர், மிகச் சிறிய துண்டுகள் விரைந்து வளர்வதைக் கண்டு அழிந்த பாறைகளை மீட்க அம்முறையைப் பயன்படுத்தினர். தூத்துக்குடியிலும் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வளர்த்து மீட்புப் பணி நடக்கிறது.

எச்சரிக்கை: ஸோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது; ஆவியே ஆளைச் சாய்த்துவிடும். சமையலறைக் கத்தி, பாத்திரம் எதுவும் வேண்டாம்.

தேவையானவை: எலும்பு வெட்டும் கொறடு, அறுவைக் கத்தி, ஜெல் சூப்பர் க்ளூ, ஃப்ராக் பிளக், தொட்டி நீர் நிரப்பிய இரண்டு கிண்ணங்கள்.

1. பல மாதமாக நன்கு வளரும் பவளத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாங்கிய வாரத்திலேயே வெட்டாதீர்கள்.
2. ஸோவாந்தஸ்: பாலிப்புகளுக்கு இடையிலுள்ள படலத்தில் வெட்டுங்கள், பாலிப்பைக் கிழிக்காதீர்கள்.
3. காளான்: வாயின் குறுக்காக வெட்டி இரண்டோ நான்கோ ஆக்குங்கள். இதில் பசை பிடிக்காது. கூழாங்கல் நிரப்பிய கிண்ணத்தில் போட்டு வலையால் மூடினால் தானே ஒட்டிக்கொள்ளும்.
4. கிளை எல்.பி.எஸ்.: சதைக்கு 2–3 செ.மீ. கீழே வெற்று எலும்பில் வெட்டுங்கள்.
5. எஸ்.பி.எஸ்.: 2–3 செ.மீ. நுனிக் கிளையைக் கொறடால் நறுக்குங்கள்.
6. சுத்தமான நீரில் அலசி, அடிப்பகுதியை ஒற்றி, ஜெல் வைத்துப் பிளக்கில் அழுத்துங்கள். வெட்டும்போது பயன்படுத்திய நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

படி 6: வெட்டியபின்

மிதமான ஒளியும் ஓட்டமும் உள்ள இடத்தில் தட்டில் வையுங்கள். ஓரிரு வாரத்தில் காயம் ஆறும். சதை பழுப்புக் கூழாக உரிந்தால் உடனே பிரித்து எடுத்துவிடுங்கள். பக்கத்துத் துண்டுக்கும் பரவலாம். சதை பிளக்கின்மேல் படரத் தொடங்கியபிறகே பிறருக்குக் கொடுங்கள்.

கடினப் பவளம் பெருகப் பெருக நீரிலுள்ள காரத்தன்மையும் கால்சியமும் வேகமாகத் தீரும். வாரம் ஒருமுறை சோதித்து எழுதி வையுங்கள். குறைவதைப் பார்த்து, அவற்றை ஈடுகட்ட ஊற்றும் கரைசலின் அளவைக் கூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று: கடலில் உடைத்த பெரிய கூட்டத்தைவிட, இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த விரலளவு துண்டு மலிவு, உறுதியும்கூட. தொட்டி வாழ்வுக்கு அது முன்பே பழகியது. வாங்கும்போது "எங்கே வளர்ந்தது?" என்று கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.