எல்லாக் கலங்களிலும் ஒரே ஏடு



குருத்து ஞாயிறன்று ஆலயத்தில் ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும் முறையை நீங்கள் அறிவீர்கள். குருவானவர், வரலாறு கூறுபவர், மக்கள் எனப் பலர் அதிற் பங்குபற்றுகின்றனர். எல்லோர் கையிலும் இருப்பது ஒரே ஏடுதான். ஆயினும் ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியை மட்டும் வாசித்து, ஏனைய இடங்களில் மௌனமாயிருக்கின்றனர். நமது உடலிலும் ஏறக்குறைய இவ்வாறே நடைபெறுகின்றது.

ஒரு கலத்திலிருந்து பல

தாயின் வயிற்றில் நாம் ஒரேயொரு கலமாகவே வாழ்வைத் தொடங்கினோம். அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து பெருகியது. ஒவ்வொரு முறையும் அதன் 46 நிறமூர்த்தங்களும் பிரதி செய்யப்பட்டன. புரதங்களை ஆக்குவதற்கான ஏறத்தாழ 20,000 பரம்பரை அலகுகள் அவற்றில் உள்ளன.

அப்படியாயின், ஒரு கலம் கண்ணாகவும் இன்னொன்று ஈரலாகவும் மாறுவது எப்படி? வேண்டாத பரம்பரை அலகுகளைக் கலம் இழந்துவிடுகின்றது என்று முன்னர் சிலர் எண்ணினர். 1962 இல் ஜோன் கேர்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, வாற்பேத்தையின் குடற் கலத்திலிருந்து கருவை எடுத்து, கரு நீக்கப்பட்ட தவளை முட்டையில் வைத்தார். அத்தகைய முட்டைகளுட் சில முழுத் தவளைகளாக வளர்ந்தன. குடற் கலத்திலும் முழு ஏடும் பத்திரமாக இருந்தது என்பது தெளிவாயிற்று.

வாசிப்பதும் மௌனமும்

நீரிழிவு உள்ளோர் நன்கறிந்த இன்சுலினை எடுத்துக்கொள்வோம். அதை ஆக்கும் பரம்பரை அலகு உங்கள் தோலிலும் மூளையிலும் உண்டு. ஆயினும் இரத்தத்திற்கு இன்சுலினைச் சுரப்பவை சதையியிலுள்ள ஒருவகைக் கலங்களே. மற்றைய கலங்களில் அந்தப் பக்கம் மூடப்பட்டுள்ளது.

பக்கத்தைத் திறப்பதும் மூடுவதும் எது? 1961 இல் ஜேக்கப், மொனோ என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு பற்றீரியாவைக் கொண்டு இதனை விளக்கினர. பாலிலுள்ள வெல்லம் கிடைக்காதபோது, ஒரு புரதம் டி.என்.ஏ. இழைமீது அமர்ந்து, அவ்வெல்லத்தைச் சமிக்கும் பரம்பரை அலகுகளை வாசிக்கவிடாது தடுக்கின்றது. வெல்லம் வந்ததும் அப்புரதம் விலக, வாசிப்புத் தொடங்குகின்றது.

மனிதரில் இவ்வொழுங்கு மேலும் நுட்பமானது. சில புரதங்கள் வாசிப்பைத் தூண்டுகின்றன, சில தடுக்கின்றன. டி.என்.ஏ. இழை இறுகச் சுற்றப்பட்டுள்ள இடங்கள் வாசிக்கப்படுவதில்லை. வளரும் முளையத்தில், அயற் கலங்கள் அனுப்பும் இரசாயனச் செய்திகள் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் எனத் தீர்மானிக்க உதவுகின்றன. கலம் பிரியும்போது இவ்வொழுங்கும் பெரும்பாலும் கையளிக்கப்படுகின்றது. எனவே ஈரற் கலத்திலிருந்து ஈரற் கலமே தோன்றுகின்றது.

மூடிய பக்கத்தைத் திறக்கலாமா?

எந்த உறுப்பின் கலமாகவும் மாறக்கூடிய கலங்கள் கிடைத்தால் நோயாளருக்குப் பயன்படும் என வைத்திய உலகம் எதிர்பார்த்தது. 1998 இல் அவை மனித முளையத்திலிருந்து பெறப்பட்டன. ஆனால் அதற்காக அம்முளையம் அழிக்கப்பட்டது. ஒருவரைக் குணப்படுத்த இன்னோர் உயிரை அழித்தல் ஆகாது எனத் திருச்சபை கூறியது. நோயாளரின் துயரத்தை அது பொருட்படுத்தவில்லை என்று பலர் குறை கூறினர்.

2006 இல் யப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாக்கா வேறொரு வழியைக் கண்டார். வளர்ந்த எலியின் தோற் கலங்களில் நான்கே பரம்பரை அலகுகளைச் செயற்படுத்தி, அவற்றை எந்தக் கலமாகவும் மாறத்தக்க தொடக்க நிலைக்குத் திருப்பினார். 2007 இல் மனிதரின் கலங்களிலும் இது கைகூடியது. முளையம் எதுவும் அழிக்கப்படவில்லை. 2012 இல் கேர்டனும் யமனாக்காவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2014 இல் யப்பானில், இவ்வழியில் ஆக்கப்பட்ட கலங்கள் முதன்முறையாக ஒரு நோயாளியின் விழித்திரையில் வைக்கப்பட்டன.

இதனால் எல்லா நோய்க்கும் மருந்து கிடைத்துவிட்டது என எண்ணலாகாது. இதன் பெயரால் விற்கப்படும் சிகிச்சைகள் பல இன்னும் நிரூபிக்கப்படாதவை. பணத்தைக் கொடுக்குமுன் நல்ல வைத்தியரைக் கலந்தாலோசியுங்கள். முளையத்தை அழித்துக் கலம் பெறுவது தவறு என்றும், வளர்ந்தவரின் உடலிலிருந்து அவருக்குப் பெருந்தீங்கின்றிப் பெறுவது தகும் என்றும் 2008 ஆம் ஆண்டின் வத்திக்கான் அறிவுறுத்தல் கற்பிக்கின்றது என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

முளையம் சின்னஞ்சிறியது. ஆயினும் ஒரு முழு மனிதனுக்குரிய ஏடு முதற் கலத்திலேயே உள்ளது. நாம் எல்லோரும் அந்நிலையைக் கடந்தே வந்தோம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. ஓருடல், பல உறுப்புகள் என்பதைப் பற்றிப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12 ஆம் அதிகாரத்தை இன்றிரவு செபத்தின்போது வாசியுங்கள். நமது வீட்டில் ஒவ்வொருவருக்கும் உரிய பகுதி யாது?

2. நல்ல நோக்கத்திற்காகத் தவறான வழியை நாடும் சோதனை நமக்கு எப்போது வருகின்றது? பொறுமையோடு வேறு வழியைத் தேடினோமா?