சுன்னத்துக்கு முன் ஒரு கேள்வி: ஹீமோபிலியாவைப் பற்றி அறிவோம்

 

ஆண் பிள்ளைக்குச் சுன்னத் என்றால் நாள் குறிக்கிறோம், உறவினருக்குச் சொல்கிறோம், விருந்துக்கு ஏற்பாடு செய்கிறோம். ஆனால், “நம் குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் நிற்காமல் போனது உண்டா?” என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. இரத்தம் உறையாமைக் குறைபாடு உள்ள பல பிள்ளைகளுக்கு, அது இருப்பதே சுன்னத் செய்த அன்றுதான் தெரிய வருகிறது. முன்பே தெரிந்திருந்தால் அந்த ஆபத்தைத் தவிர்த்திருக்கலாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்பு

ஸ்பெயினின் குர்துபா பகுதியில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் ஒரு கிராமத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே ஆண்கள் காயம் பட்டால் இரத்தம் நிற்காமல் இறந்தார்கள். சிறுவர்களின் ஈறை அழுத்தித் தேய்த்தால்கூட இரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. ஹீமோபிலியாவைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் இது ஒன்று.

என்ன குறைபாடு?

காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்க ‘ஃபேக்டர்’ எனப்படும் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. 8ஆம் ஃபேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா ஏ, 9ஆம் ஃபேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா பி. ஏ வகை சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். இவர்களுக்கு இரத்தம் வேகமாகக் கொட்டுவதில்லை. நெடுநேரம் நிற்பதில்லை, அவ்வளவுதான். ஃபேக்டர் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் அடிபடாமலே மூட்டுக்குள் இரத்தம் கசியும். 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பல் பிடுங்கும்போதோ அறுவைச் சிகிச்சையின்போதோதான் தெரியவரும்.

தாயைக் குறை சொல்லாதீர்கள்

இந்த மரபணுவைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மகளும் மரபணுவைத் தாங்கியவளாக இருக்கவும் பாதி வாய்ப்பு உண்டு. நோயுள்ள தந்தையிடமிருந்து மகன்களுக்கு வராது; மகள்கள் அனைவரும் அதைத் தாங்குவார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இது இருந்ததில்லை. ஆகவே மருமகளைப் பழிப்பதும், திருமணத்தை முறிப்பதும் அநியாயம்.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வதால் ஹீமோபிலியா அதிகமாவதில்லை. ஆனால் 13ஆம் ஃபேக்டர் குறைபாடு போன்ற அரிதான வகைகளுக்கு அது வாய்ப்பைக் கூட்டும். அவை ஆண், பெண் இருவருக்கும் வரும். மாதவிடாயில் அளவுக்கு மீறி இரத்தம் போகும் பெண்களும் வெட்கப்படாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சுன்னத்துக்கு முன்

தாய்மாமனுக்கோ, தாயின் தந்தைக்கோ, அண்ணனுக்கோ இரத்தம் நிற்காமல் போனதா? பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்திலோ, தடுப்பூசி போட்ட இடத்திலோ கசிவோ வீக்கமோ இருந்ததா? தவழும் வயதில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் வந்தனவா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் சுன்னத்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரத்தப் பரிசோதனைகளில் தொடங்குவார்கள். அவை சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் ஃபேக்டர் அளவையே பார்க்க வேண்டும். சுன்னத் முகாம் நடத்தும் ஜமாஅத்தினர் பதிவுச் சீட்டிலேயே இந்தக் கேள்விகளை அச்சிடலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் சுன்னத்தைத் தள்ளிவைக்க மார்க்கத்தில் இடம் உண்டு. சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். ஃபேக்டர் செலுத்தி, மருத்துவமனையில் பாதுகாப்பாகச் செய்யவும் வழி இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் ஒஸ்தாவை வைத்துச் செய்வது மட்டும் கூடவே கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மூட்டு வீங்கினால் அசைக்காமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒற்றி, உயர்த்தி வையுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். உடனே ஃபேக்டர் போட வேண்டும். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாக முடங்கும். ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். தசையில் ஊசி போடக் கூடாது என்பதை மருத்துவரிடமும் செவிலியரிடமும் முதலிலேயே சொல்லுங்கள். தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். எப்படிப் போடுவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்து விளையாடினாலும் காத்திருக்காதீர்கள். முதலில் ஃபேக்டர், பிறகு ஸ்கேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருப்பவர்கள் மலைப்பாதையில் இறங்கி வரவே நேரம் பிடிக்கும். எந்த அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் இருப்பில் இருக்கிறது என்று இன்றே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளையின் நோய் வகை, ஃபேக்டர் அளவு, இரத்தப் பிரிவு எழுதிய அட்டை எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கட்டும்.

உதவியும் நம்பிக்கையும்

தமிழகத்தில் அரசு மருத்துவமனைகள் வழியாக ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஹீமோபிலியாவும் ஒன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்கு மரபணு சிகிச்சை அளித்தார்கள். அதன்பின் கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இன்று நம் கையில் இருப்பது ஃபேக்டரும் முன்னெச்சரிக்கையும். அவற்றைக் கொண்டே இப்பிள்ளைகள் பள்ளிக்கும் வேலைக்கும் போகலாம், குடும்பம் நடத்தலாம்.

அடுத்த சுன்னத்துக்கு நாள் குறிக்கும் வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்ல சுகத்தைத் தருவானாக. ஆமீன்.