கடைசிப் பொருள் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

பூன் லேயில் ரயில் ஏறி சிட்டி ஹாலில் இறங்கினால் 14 நிறுத்தங்கள். கைப்பேசியில் ஒரு கற்பனை உலகத்தைச் சுற்றிவர அந்த நேரம் போதும். மலை ஏறுகிறோம், குகைக்குள் நுழைகிறோம், மூலிகை பறிக்கிறோம், புதையல் பெட்டிகளைத் திறக்கிறோம். ஆறு கற்கள் சேர்ந்தால் ஒரு வாள் கிடைக்கும். ஐந்து கற்கள் சேர்ந்துவிட்டன, ஆறாவது மட்டும் வரவில்லை. இறங்க வேண்டிய நிலையம் வந்த பிறகும் கைப்பேசியை மூட மனம் வருவதில்லை. "இன்னும் ஒன்றுதானே" என்று தோன்றுகிறது.

அந்த ஒன்றுக்கு எவ்வளவு உழைப்பு தேவை? நீங்கள் பள்ளியில் படிக்கும் நிகழ்தகவைக் கொண்டே இதைக் கணக்கிடலாம்.

பகடை சொல்லும் கணக்கு

ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு வகைக் கற்களில் ஏதேனும் ஒன்று, சம வாய்ப்புடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது பகடை உருட்டுவதைப் போன்றது. ஆறு முகங்களும் ஒரு முறையாவது விழ, சராசரியாக எத்தனை முறை உருட்ட வேண்டும்?

முதல் முறை எது விழுந்தாலும் புதியதுதான். இரண்டாவது புதிய முகத்துக்கான வாய்ப்பு 5/6. எனவே அதற்குச் சராசரியாக 6/5, அதாவது 1.2 முறை உருட்ட வேண்டும். மூன்றாவதற்கு 6/4, நான்காவதற்கு 6/3, ஐந்தாவதற்கு 6/2, கடைசி முகத்துக்கு 6/1. இவற்றைக் கூட்டுவோம்:

1 + 1.2 + 1.5 + 2 + 3 + 6 = 14.7

முதல் ஐந்து முகங்களுக்கும் சேர்த்து 8.7 முறை போதும். கடைசி ஒன்றுக்கு மட்டும் 6 முறை தேவை. மொத்த உழைப்பில் இது சுமார் 40 விழுக்காடு! பத்து வகைப் பொருள்கள் என்றால் மொத்தம் 29 முறைக்குச் சற்று அதிகமாகும். அதில் கடைசி இரண்டு பொருள்களே 15 முறைகளை எடுத்துக்கொள்ளும். கணித வல்லுநர்கள் இதைக் 'கூப்பன் சேகரிப்பாளர் கணக்கு' என்று அழைக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து முறை ஏமாந்த பிறகு, ஆறாவது முறை கட்டாயம் வரும் என்று நினைக்கிறோம். ஆனால் முந்தைய உருட்டல்கள் பகடைக்கு நினைவில் இருக்காது. அடுத்த உருட்டலிலும் வாய்ப்பு அதே 1/6தான். ஆறு முறை உருட்டியும் வேண்டிய முகம் விழாமல் போகும் வாய்ப்பு (5/6)ன் ஆறாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 33 விழுக்காடு. மூவரில் ஒருவர் வெறுங்கையுடன்தான் நிற்பார்.

சட்டம் தலையிட்ட கதை

காசு போட்டுத் திருகினால் சிறு உருண்டைக்குள் பொம்மை வந்து விழும் இயந்திரங்களைக் கடைத்தொகுதிகளில் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் அவற்றின் பெயரிலிருந்து வந்ததுதான் 'காச்சா' என்ற சொல். பணம் கொடுத்துக் குலுக்கல் முறையில் பொருள் பெறும் விளையாட்டு முறைக்கு இப்போது அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

குலுக்கலில் கிடைக்கும் குறிப்பிட்ட பொருள்கள் அனைத்தையும் சேர்த்தால் மட்டுமே அரிய பரிசு என்ற முறை ஜப்பானியக் கைப்பேசி விளையாட்டுகளில் பரவியது. அதற்கு 'முழுமைக் காச்சா' என்று பெயர். தொடக்கத்தில் பொருள்கள் வேகமாகச் சேரும். இன்னும் கொஞ்சம்தான் என்ற நம்பிக்கை பிறக்கும். செலவின் பெரும்பகுதி கடைசியில் ஒளிந்திருக்கும். இந்த முறை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2012ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் விவகார அமைப்பு அறிவித்தது. நாம் மேலே போட்ட பகடைக் கணக்குதான் அந்த முறைக்குள் இருந்தது.

தேடலும் குலுக்கலும் வேறு

எல்லாச் சேகரிப்பும் குலுக்கல் அல்ல. 2017இல் நின்டெண்டோ வெளியிட்ட 'த லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' விளையாட்டில் 900 கோரோக் விதைகள் ஒளிந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் உண்டு. ஒரு குன்றைத் தேடி முடித்துவிட்டால் அங்கு மறுபடி போக வேண்டியதில்லை. தேட வேண்டிய பரப்பு அந்த அளவு குறைகிறது. குலுக்கலில் அப்படி எதுவும் குறைவதில்லை.

ஆனாலும், இங்கும் கடைசி விதைகள் நேரத்தை விழுங்கும். ஆயுதம், வில், கேடயம் வைக்கும் இடங்களை முழுமையாகப் பெருக்க 441 விதைகள் போதும். 900ஐயும் சேர்ப்பவருக்குக் கிடைக்கும் பொன்னிறப் பரிசு, விளையாட்டில் எந்தச் சக்தியையும் கூட்டாது. அப்படியென்றால், எப்போது நிறுத்துவது?

பூன் லே உணவங்காடியில் மைனாக்களைக் கவனித்துப் பாருங்கள். மேசையில் சோற்றுப் பருக்கைகள் நிறைய இருக்கும்வரை மைனா அங்கேயே கொத்தும். பருக்கைகள் அரிதானதும், கடைசிப் பருக்கைக்காகக் காத்திராமல் அடுத்த மேசைக்குப் பறந்துவிடும். உயிரினங்களின் இத்தகைய இரை தேடலுக்கு எரிக் சார்னோவ் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1976இல் ஒரு கணித விதியை வகுத்தார். அதன் பெயர் 'விளிம்பு மதிப்புத் தேற்றம்'. ஓரிடத்தில் இரை கிடைக்கும் வேகம், பயண நேரத்தையும் சேர்த்துச் சுற்றுப்புறம் முழுவதும் கிடைக்கும் சராசரி வேகத்துக்குக் குறையும்போது இடம் மாறுவதே இலாபம் என்கிறது அது.

விளையாட்டுக்கும் இது பொருந்தும். ஒரு பள்ளத்தாக்கில் முதல் 10 நிமிடங்களில் 8 பொருள்கள், அடுத்த 10 நிமிடங்களில் 4, அதற்கடுத்த 10 நிமிடங்களில் 1 கிடைப்பதாகக் கொள்வோம். மற்ற இடங்களில் 10 நிமிடங்களுக்குச் சராசரியாக 3 கிடைத்தால், 20 நிமிடங்களில் கிளம்பிவிடுவதே நல்லது.

0.6 விழுக்காட்டின் பொருள்

2020ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டில் இரண்டு வகைகளும் உள்ளன. பரந்த உலகில் புதையல் பெட்டிகளைத் தேடலாம். புதிய பாத்திரங்களைக் குலுக்கலில் பெறலாம். சீனாவில் 2017 மே மாதம், குலுக்கல் வாய்ப்புகளை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இந்த விளையாட்டும் தன் வாய்ப்புகளை வெளியிடுகிறது.

ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைப்பதற்கான அடிப்படை வாய்ப்பு ஒரு முறைக்கு 0.6 விழுக்காடு. இது மட்டுமே இருந்தால் சராசரியாக 167 முறை முயல வேண்டியிருக்கும். ஆனால் 90 முறைக்குள் ஒன்று உறுதி என்ற விதி இருக்கிறது. அந்த உறுதியையும் சேர்த்த மொத்த வாய்ப்பு 1.6 விழுக்காடு. அதாவது, சராசரியாக 62.5 முறைக்கு ஒன்று.

இங்கே ஒரு துப்பறியும் வேலை செய்யலாம். 89ஆவது முறைவரை வாய்ப்பு மாறாமல் 0.6 விழுக்காடாகவே இருந்து, 90ஆவது முறை மட்டும் உறுதி என்றால், சராசரி ஏறத்தாழ 70 முறை வருகிறது. வெளியிட்ட கணக்கோ 62.5. அப்படியானால், 90ஐ எட்டுவதற்கு முன்பே வாய்ப்பு எங்கோ உயர்ந்திருக்க வேண்டும். விளையாட்டின் நிரலைப் பார்க்காமல், இரண்டு எண்களை மட்டும் வைத்தே நாம் இதைக் கண்டுபிடித்துவிட்டோம்!

இந்தக் குலுக்கல் பகடையைப் போன்றதல்ல. தோல்விகளை அது எண்ணி வைத்திருக்கிறது. அதனால் நிறுத்துவது இன்னும் கடினமாகிறது. இவ்வளவு முயன்றுவிட்டோம், இப்போது விட்டால் வீண் என்று தோன்றும். 90 முறைக்குப் பின் வருவது நீங்கள் விரும்பிய பாத்திரமாக இல்லாமலும் போகலாம். கைச்செலவுக்கு வீட்டில் தரும் வெள்ளியைச் செலவிடும் முன், உச்ச அளவான 90 முறைக்கு எவ்வளவு ஆகும் என்று தாளில் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்றால், முதல் முறையையே தொடங்காமல் இருப்பது நல்லது.

செய்து பாருங்கள்

நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு பகடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முகங்களும் விழும்வரை உருட்டி, எத்தனை முறை ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது புதிய முகம் எப்போது விழுந்தது என்பதையும் தனியே குறியுங்கள். பத்துப் பேரின் சராசரி 14.7க்கு அருகில் வருகிறதா? உங்களில் அதிக முறை உருட்டியவர் யார்? சராசரியிலிருந்து அவர் எவ்வளவு தள்ளி இருக்கிறார்?