உப்பு எங்கே போகிறது?

பாலாற்றங்கரைத் தோல் தொழிலைப் பற்றி ஆலங்காயத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரு கருத்து இருக்கும். ஊர் ஜவ்வாது மலையடியில் இருந்தாலும் பிழைப்புக்காக வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இறங்காத குடும்பம் இங்கே குறைவு. தோல் பதனிடும் டேனரியை மூடினால்தான் தண்ணீர் மீளும் என்பார் ஒருவர். இப்போது எல்லாம் மறுசுழற்சிதான், பழைய கதையைப் பேசாதீர்கள் என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை: தோலே ஒரு கழிவுதான், அதைப் பயன்படுத்துவதே சுழற்சிப் பொருளாதாரம்.

இறைச்சிக்காக அறுத்த மாட்டின் தோலையும் ஆட்டின் தோலையும் யாரும் வாங்காவிட்டால் அது அழுகி நாறும். அந்த வகையில் இந்தத் தொழில் ஒரு கழிவுக்கு வாழ்வு தருகிறது, சந்தேகமில்லை. ஆனால் ஆயிரம் கிலோ பச்சைத் தோல் உள்ளே போனால், முடிந்த தோலாக வெளியே வருவது 200 முதல் 250 கிலோதான். மீதி உட்புறச் சதை, முடி, ஓரத் துண்டுகள், சீவல் என்று பிரிகிறது. இவற்றிலும் சதைச் சவ்வு பசைக்கும் ஜெலட்டினுக்கும் போகிறது. சீவலை அரைத்துக் காலணியின் உள்ளட்டை செய்கிறார்கள். விலை கிடைக்கிற எதையும் இந்த ஊர்க்காரர்கள் வீணடித்ததில்லை. விலை கிடைக்காததுதான் ஆற்றுக்குப் போனது.

நம்பிக்கை: ஆற்றைக் கெடுத்தது குரோமியம், அதைப் பிடித்துவிட்டால் போதும்.

குரோமியம் ஆபத்தானது. ராணிப்பேட்டையில் டேனரிகளுக்கான குரோமிய உப்பைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது விட்டுப்போன இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு நிலத்தடி நீரை இன்றும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் டேனரிக்குள் குரோமியத்தை மீட்கும் வழி வெகுநாளாகவே கையில் இருக்கிறது. பதனிடும்போது போடும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் ஏற்கும். மிஞ்சிய நீரில் மக்னீசியம் ஆக்சைடைக் கலந்தால் குரோமியம் சில மணி நேரத்தில் அடியில் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் அடுத்த தோலுக்குத் தயார். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையைத் தொழிலுக்குக் கொண்டுவரப் பெரிதும் உழைத்தது. குரோமிய உப்புக்கு விலை உண்டு. எனவே அது திரும்பி வருகிறது.

சாதாரண உப்புக்கு அந்த யோகம் இல்லை. அறுத்த தோல் டேனரிக்கு வந்து சேரும்வரை கெடாமலிருக்க உப்பு தடவுகிறார்கள். தோலின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு உப்பு. வட மாநிலங்களிலிருந்து லாரியில் வரும் தோலோடு அந்த உப்பும் இங்கே வந்து இறங்குகிறது. டேனரியின் முதல் வேலையே ஊறவைப்பது. அந்தத் தண்ணீரில் உப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் பிரியாது. கிருமிகள் அதைத் தின்னாது, வடிகட்டி அதைப் பிடிக்காது. கிணற்றுக்குள் இறங்கினால் பயிர் கருகும், தென்னை காய்ப்பை நிறுத்தும்.

உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்ன கணக்கு ஒன்று வருகிறது: டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு அது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். அது நம் ஆற்றின் வழக்கு என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

நம்பிக்கை: இப்போது ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை, எனவே கழிவே இல்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்திப் பெரும்பகுதியை நல்ல நீராக மீட்டு, டேனரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். தண்ணீர் உண்மையாகவே சுழல்கிறது. இதை மறுப்பது நியாயமாகாது. சவ்வில் தங்கிய கெட்டி உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்தால் கடைசியில் மிஞ்சுவது திட உப்பு. அதில் சோடியம் குளோரைடு, சல்பேட், கரிமக் கசடு எல்லாம் கலந்திருப்பதால் வாங்க ஆளில்லை. சாக்கில் கட்டிக் கொட்டகையில் அடுக்கி மழையிலிருந்து காக்க வேண்டும். நீராக ஓடியது திடமாகி நிற்கிறது, அவ்வளவுதான். கொதிக்கவைக்க எரித்த எரிபொருள் தனிக் கணக்கு.

தேக்கி வைப்பது எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்பதை 2015 ஜனவரி 31 காட்டியது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ‘வெளியேற்றம் சுழியம்’ என்று அறிக்கை எழுதும்போது அந்தப் பத்து உயிர்கள் நினைவில் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: கடுக்காய், ஆவாரம்பட்டைக்குத் திரும்பினால் எல்லாம் தீரும்.

மலையில் கடுக்காய் பொறுக்கி விற்கும் மக்களை நினைத்தால் இந்த நம்பிக்கை எனக்கும் பிடித்ததுதான். தாவரப் பதனிடலால் பெயர் பெற்ற ‘ஈ.ஐ.’ (கிழக்கிந்திய) தோல் தமிழ்நாட்டின் பெருமை. புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அந்தத் தோலும் உப்பில்தான் வருகிறது, ஊறவைக்கும் நீரும் அதே நீர்தான். பட்டைச் சாயத்தின் கழிவு கறுத்து, ஆக்சிஜனை வெகுவாக உறிஞ்சும். பட்டை வேண்டி நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்ட வாட்டில் மரம் புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. தோலுக்கு மாற்றாகச் சொல்லும் ரெக்சினும் விடையாகாது, அது பெட்ரோலியத்தில் செய்யும் பிளாஸ்டிக்.

நம்பிக்கை: இத்தனையும் செய்தால் தொழில் நொடித்துவிடும்.

இதை நான் ஏற்கவில்லை. 1989இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சையைத் தடுக்கப் போடும் பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. அடுத்துச் சில வகை அசோ சாயங்களும் தடைப்பட்டன. இங்கே பெரும் கலக்கம் ஏற்பட்டது உண்மை. ஆனால் சில ஆண்டுகளில் மாற்று மருந்தும் மாற்றுச் சாயமும் வந்தன, ஏற்றுமதி நின்றுபோகவில்லை. ஜெர்மானியரின் உடல்நலத்துக்காகச் சில ஆண்டுகளில் மாறிய தொழில், வாணியம்பாடி விவசாயியின் கிணற்றுக்காகப் பல பத்தாண்டுகளாகியும் முழுதாக மாறவில்லை. வாங்குபவர் கேட்டதற்கு விலை இருந்தது. கிணற்றுக்காரர் கேட்டது விலைப்பட்டியலில் ஏறவே இல்லை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தந்து அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்து. இழப்பீடு கட்டாயம் வந்து சேர வேண்டும். ஆனால் உப்பு வரத்து குறையாவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் அதே வழக்குதான்.

குறைக்க வழி இருக்கிறது. அறுவைக்கூடத்திலிருந்து தோலைக் குளிரூட்டி ஓரிரு நாளில் டேனரிக்குக் கொண்டுவந்தால் உப்பே தேவைப்படாது. தொலைவிலிருந்து வரும் தோலுக்கு உப்பைக் குறைத்து வேறு காப்புப் பொருள் சேர்க்கும் முறைகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஊறவைக்கும் முன் தோலை உதறினாலே ஒட்டாத உப்பு கணிசமாக உதிரும். அதற்கு ஒரு மரச் சட்டமும் இரண்டு ஆட்களும் போதும். ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் மாதந்தோறும் எவ்வளவு உப்பு வந்தது, எவ்வளவு திடமாக மிஞ்சியது, கொட்டகையில் எவ்வளவு கிடக்கிறது என்று வாசலில் தமிழில் எழுதிப் போடட்டும். அந்த மூன்று எண்களைக் கிராம சபையில் கேட்கும் உரிமை ஆற்றங்கரை ஊர்களுக்கு உண்டு.