யாத்திரையும் மங்களாசாஸனமும்

ஸ்ரீ:

எம்பெருமானுடைய நிலைகள் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என ஐந்து என்பர் பெரியோர். இவற்றுள் அர்ச்சையே எளிமைக்கு எல்லை நிலம். அகில உலகையும் காப்பவன், அர்ச்சகர் நீராட்ட நீராடுகிறான். அமுது செய்விக்க அமுது செய்கிறான். அடியார்கள் காக்கத் தானும் காக்கப்படுகிறான். இக்கடைசி உண்மையைக் கண்கூடாக உணர்த்துவது மதுரையைச் சூழ்ந்த திருப்பதிகளின் யாத்திரை.

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் பெருவழியில் அமைந்தது அய்யலூர். வடக்கே திருவரங்கம், தெற்கே திருமாலிருஞ்சோலை. இவ்வழியே செல்லும் வண்டிகள், வண்டிக் கருப்பணசாமி ஸந்நிதியில் நின்று வணங்கிய பின்னரே மேலே செல்வது வழக்கம். சிறிது தொலைவில் வடமதுரையிலும், திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பிலும் எம்பெருமான் ஸௌந்தரராஜன் என்ற திருநாமத்துடன் ஸேவை ஸாதிக்கிறார். இவ்விரு ஸந்நிதிகளையும் ஸேவித்து மதுரைக்குப் புறப்படுவது சாலச் சிறந்தது.

கூடல்: காப்பிடும் அன்பு

மதுரையில் முதலில் ஸேவிக்கத்தக்கவர் கூடலழகர். அஷ்டாங்க விமானத்தின் அடுக்குகளில் வீற்றிருந்தும் நின்றும் கிடந்தும் ஸேவை தருபவர். பெரியாழ்வார் பாண்டியன் அவையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்று, யானை மீது பவனி வந்தபோது, எம்பெருமான் கருடன் மேல் காட்சி தந்தான். ஆழ்வாரோ தமக்கென ஒன்றும் வேண்டவில்லை. இத்தனை அழகும் கண்படும்படி வெளிவந்து நிற்கிறதே, இதற்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சினார். அவனுக்கே காப்பிட்டுத் திருப்பல்லாண்டு பாடினார். கேட்பதற்காகச் செல்வது ஒரு யாத்திரை. அவன் வாழ வேண்டும் என்று வாழ்த்தச் செல்வது உயர்ந்த யாத்திரை. இதுவே மங்களாசாஸனம்.

மோகூரும் கொடிக்குளமும்

மதுரைக்கு வடகிழக்கே திருமோகூர். இங்குள்ள காளமேகப் பெருமாளை நம்மாழ்வார் தம் இறுதி வழிக்குத் துணையாகப் பற்றினார். ஆதலின் வழித்துணைப் பெருமாள் என்று போற்றப்படுகிறார்.

இவ்வூருக்கு அருகே, யானைமலைச் சாரலில் உள்ளது கொடிக்குளம். குருபரம்பரை இதனை ஜ்யோதிஷ்குடி என்று வழங்கும். இது நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றன்று. அதனால் யாத்ரிகர் பலர் நில்லாமல் கடந்து விடுகின்றனர். ஆயின் பெரியாழ்வார் வாக்கால் செய்த காவலை, ஓர் ஆசார்யர் தம் உயிரால் செய்து முடித்த இடம் இதுவேயாகும்.

1323ஆம் ஆண்டில் டில்லி சுல்தானின் படை திருவரங்கத்தை நெருங்கிற்று. பெரிய பெருமாள் திருமுன் கல்திரை எழுப்பப்பட்டது. உத்ஸவரை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசார்யர் தென்திசை நோக்கிப் புறப்பட்டார். ஸ்ரீவசனபூஷணம் அருளிய அம்மஹான் அப்போது நூறு பிராயம் கடந்தவர் என்பது ஸம்பிரதாயம். வழியில் கள்வர் திருவாபரணங்களைக் கவர்ந்தனர். ஆசார்யர் அதற்குத் தளரவில்லை. திருமேனி ஒன்றையே காத்து ஜ்யோதிஷ்குடியை அடைந்தார். அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். தாம் காத்த பெருமாள் மீண்டும் திருவரங்கம் திரும்புவதை அவர் காணவில்லை. இன்றும் வேதநாராயணப் பெருமாள் எழுந்தருளியுள்ள அச்சிறு தலத்தில் அமைதியாக அரை நாழிகை அமர்ந்தால், யாத்திரையின் பொருள் தானே விளங்கும்.

அழகர்மலை: அடைக்கலம்

அங்கிருந்து எழுந்தருளிய பெருமாள் சில காலம் தங்கிய இடம் திருமாலிருஞ்சோலை. சுந்தரராஜனுக்கு நூபுரகங்கைத் தீர்த்தமே திருமஞ்சனத்துக்கு உரியது. ஆண்டாள் இம்மலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்தாள். பிற்காலத்தில் எம்பெருமானார் அதனை ஸமர்ப்பித்து நிறைவேற்றினார். ராஜகோபுர வாயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் காவல் நிற்கிறார். அய்யலூரில் வழிக்குக் காவலாக வணங்கப்படும் கருப்பர் இங்கே பெருமாளின் வாயிலைக் காக்கிறார். காவல் என்னும் கைங்கர்யத்தில் ஆழ்வார், ஆசார்யர், கருப்பர் யாவரும் ஒரு குலத்தவரே.

கண்டறிந்தவர்

பெருமாள் பின்னர் மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை முதலிய இடங்களில் எழுந்தருளியிருந்து, 1371ஆம் ஆண்டில் கோபணாரியரின் முயற்சியால் திருவரங்கம் மீண்டார். இடையே ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றுவிட்டன. இவர்தாமோ முன்பிருந்தவர் என்று ஊரார் ஐயுற்றனர். முன்னாளில் பெருமாளின் ஈரவாடை துவைத்து வந்த முதியவர் ஒருவர் இருந்தார், பார்வை இழந்தவர். திருமஞ்சனம் செய்த ஈரவாடையின் தீர்த்தத்தை உட்கொண்டதும், இவரே நம்பெருமாள் என்று கூவினார். அன்று முதல் அத்திருநாமமே நிலைத்தது என்று கோயிலொழுகு கூறும். கண்ணுடையோர் ஐயுற, கண்ணில்லாதவர் கைங்கர்யப் பழக்கத்தால் அறிந்தார்.

யாத்ரிகர் கொள்ளவேண்டியது

ஒரே நாளில் பல தலங்களை ஓடி ஓடிப் பார்த்து எண்ணிக்கையை நிறைவு செய்வது ஸேவையாகாது. முதல் நாள் மாலை கூடலழகரை ஸேவித்து மதுரையில் தங்கலாம். மறுநாள் காலை மோகூர், கொடிக்குளம், மாலை அழகர்மலை. பின் நத்தம் வழியாகத் திண்டுக்கல் திரும்பலாம். ஸந்நிதிகள் நடுப்பகலில் நடை சாத்தப்படும். கொடிக்குளம் போன்ற சிறு கோயில்களில் நடை திறக்கும் நேரத்தை முன்னரே கேட்டறிதல் நலம். விளக்குக்கு எண்ணெய், திருமாலைக்குத் துளஸி என இயன்றதைக் கொண்டு செல்க.

ஊர் திரும்பிய பின் ஒரு கடமை எஞ்சுகிறது. தம் ஊர்ப் பெருமாளுக்கு அன்றாட விளக்கும் திருவாராதனமும் குறைவின்றி நடக்கின்றனவா என்று நோக்குதல் வேண்டும். அந்நாளில் ஆசார்யர் உயிர் கொடுத்துக் காத்தார். இந்நாளில் அடியார்களிடம் கேட்கப்படுவது ஓர் அகல் எண்ணெயே. அதனைத் தவறாது ஸமர்ப்பிப்பவர் யாத்திரையின் பயனை முழுதும் பெற்றவராவர்.

சுபம்